நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போகிறவர்களுக்கு

தொண்டர் ஆசிரியராகத் தீவுக்குப் போக நினைக்கிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால், பிள்ளைகளைப் பற்றியோ கடலைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. "பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் உங்கள் பெயரை எழுதுவார்களா?" என்றுதான் கேட்கிறேன். பாடசாலையில் நடப்பவற்றைத் திகதி போட்டு அதிபர் பதிந்துவைக்கும் புத்தகம் அது. அவர்கள் முகம் சுருங்கிவிடும். சேவை செய்யப் புறப்பட்டவரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைப்பார்கள். இருபத்தாறு வயதில் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்கும் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஊர் நிலைமை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். போர் முடிந்த பிறகும் இலங்கையின் வடக்கில் பல பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை. தீவுகளில் நிலைமை இன்னும் மோசம். நியமனம் பெற்று வருகிறவர்கள் கஷ்டப் பிரதேசச் சேவைக் காலத்தை முடித்த கையோடு இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வகுப்புகளில் நின்றவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். பட்டம் முடித்து வேலையில்லாமல் இருந்தவர்கள், உயர்தரத்தோடு நின்றவர்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இதில் இருந்தார்கள். நியமனக் கடிதமும் இல்லை, அரச சம்பளமும் இல்லை. பெற்றோரோ, பழைய மாணவர்களோ, வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கமோ மாதாமாதம் ஏதாவது தருவார்கள். என்றாவது ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் காலம் ஓடும். சிலரை நிரந்தரமாக்கினார்கள். மற்றவர்கள் நியமனம் கேட்டு வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு பந்தலில் நானும் இருந்திருக்கிறேன்.

2015 தை மாதம் நான் நெடுந்தீவுக்குப் போனேன். யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள பெரிய தீவுகளில் அதுவும் ஒன்று, ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர். மற்றத் தீவுகள் பலவற்றுக்குப் பாலமோ தாம்போதியோ இருக்கிறது. நெடுந்தீவுக்குக் கடல் ஒன்றுதான் வழி. கோயிலில் சந்தித்த ஒருவர், அங்கே ஒரு பாடசாலையில் தரம் எட்டிலிருந்து பதினொன்று வரை கணிதத்துக்கு ஆளில்லை என்றார். அதிபரின் தொலைபேசி இலக்கத்தையும் அவரே தந்தார். "திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் பிள்ளை, தங்குவதற்கு ஒரு வீடு பார்த்துத் தருகிறேன்" என்றார் அதிபர். நல்ல மனிதர், சொன்னபடி வீடும் பார்த்துத் தந்தார். யார் என்னை அழைத்தார், எந்தப் பாடத்துக்கு, எந்தத் திகதியிலிருந்து என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அன்று எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணையைக் கடத்தியிருந்தார்கள். அவருடைய கவலை அது.

பயணத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணைத் தாம்போதி, வேலணை, புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் விடும். அங்கே நயினாதீவுக்குப் போகும் கூட்டம் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குப் போகும் நாங்கள் மறுபக்கம். நயினாதீவு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, கால் மணி நேரத்தில் போய்விடலாம். நெடுந்தீவுக்குக் கடல் நல்லபடியாக இருந்தாலே ஒரு மணி நேரம். அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், கோழிக்குஞ்சுப் பெட்டி, தகரம், மருத்துவத் தாதி, கிராம அலுவலர், ஆசிரியர்கள் எல்லாம் ஒரே படகில். குமுதினி என்ற பெயரைத் தீவுக்காரர்கள் சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு மாற்றம் இருக்கும். 1985 மே 15 அன்று அந்தப் படகில் வந்தவர்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகள் உட்பட. ஆண்டுதோறும் நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் நினைவுகூருவார்கள். என் வகுப்பிலேயே தாத்தாவையும் பெரியம்மாவையும் அன்று இழந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அந்த வாரத்தில் பரீட்சை வைக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வைத்தேன், பாதி வகுப்பு வரவில்லை. போகிற ஊரின் துக்க நாட்களையும் கோயில் கொடியேற்ற நாளையும் தேவாலயத் திருநாளையும் முதல் வாரத்திலேயே ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். பாடத்திட்டத்தைவிட அது முக்கியம்.

படகில் குமட்டலுக்குப் பலரும் பல வைத்தியம் சொல்வார்கள். என் அனுபவத்தில் பலித்தவை: இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், டீசல் மணமே பாதி வாந்தியை வரவழைத்துவிடும். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், பாணோ பிஸ்கட்டோ உலர்வாக ஏதாவது சாப்பிடுங்கள், தேநீர் வேண்டாம். கீழ்த்தட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பதைவிட மேலே காற்றில் நின்று தூரத்துக் கரையைப் பார்ப்பது நல்லது. ஒரு மாற்று உடுப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி எப்போதும் வைத்திருங்கள், நனைந்த சேலையோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என் உடம்பு தப்பியிருக்கும்.

நெடுந்தீவு பார்ப்பதற்கு அழகான இடம். சுண்ணாம்புச் சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகள், அவற்றின் நடுவே ஒழுங்கைகள், வெளியில் மேயும் கட்டைக் குதிரைகள், பெருக்கு மரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு. இவற்றைப் பார்க்க வருகிறவர்கள் பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். தங்கியிருப்பவர்களுக்குத் தெரியும், அந்த அழகான முருகைக்கல்லுக்குக் கீழே இருக்கிற நல்ல தண்ணீர் மிகக் கொஞ்சம். மாரி மழை கல்லுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். சாராப்பிட்டிப் பக்கம் போன்ற சில இடங்களில்தான் குடிக்கத்தக்க கிணறுகள் உண்டு. மற்றக் கிணறுகள் குளிக்க, துவைக்க. நான் தங்கிய வீட்டு ஆச்சி முதல்நாளே சொன்னார்: "பிள்ளை, இந்தக் கிணறு தைப்பொங்கலுக்கு இனிக்கும், ஆடியில் கண்ணீர் மாதிரி." நான் வந்தது தையில். இனிக்கத்தான் செய்தது. வாடகை குறைவு, வீடு சுத்தம், பாடசாலைக்கு நடந்து போகும் தூரம், வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனி பிறந்ததும் தேநீர் உப்புக் கரித்தது. ஆச்சியின் பேரன் சைக்கிளில் இரண்டு கான் கட்டிக்கொண்டுபோய் நல்ல தண்ணீர் எடுத்து வருவான். அவர்களுக்கே போதாத தண்ணீரில் எனக்கும் ஒரு பங்கு கேட்க மனம் வரவில்லை. குறைவாகக் குடிக்கப் பழகினேன். இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். பாடசாலைக் கழிப்பறையில் தண்ணீர் இருக்காது. காலை ஏழரை முதல் ஒன்றரை வரை அங்கே போக நேராமல் இருப்பதற்காக ஆசிரியைகள் பலர் விடியற்காலைத் தேநீரோடு நிறுத்திவிடுவோம். மேல் வகுப்புப் பெண்பிள்ளைகளும் அப்படித்தான். ஒருநாள் இரவு காய்ச்சலும் அடிவயிற்று வலியுமாக எழுந்தேன். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம் வரை போய்விட்டது என்று பிறகு யாழ்ப்பாணத்தில் சொன்னார்கள். தீவு வைத்தியசாலையில் முதல் ஊசியைப் போட்டு, காலைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள். படகு குலுங்கிய ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. பரிசோதனை, மருந்து, தனியார் மருத்துவமனையில் தங்கியது எல்லாவற்றுக்குமாக முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. அப்போது எனக்கு மாதம் கிடைத்தது மூவாயிரம்.

2016 கடைசியில் மாரி பொய்த்தது. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் வறட்சி, தீவில் கேட்கவே வேண்டாம். தண்ணீர்ப் பவுசர் வரும் நாளில் பிள்ளைகள் பாதிப் பேர் பாடசாலைக்கு வரமாட்டார்கள், வீட்டில் கான் வரிசையில் நிற்க ஆள் வேண்டுமே. நான் வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பதை நிறுத்திவிட்டேன். ஆகவே போகிறவர்கள் வீடு பார்க்கும்போது அறையையும் கூரையையும் பார்ப்பதற்கு முன், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆடி ஆவணியில் யார் கொண்டுவருகிறார்கள், அதற்கு நான் என்ன கொடுக்க வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பிறகு நான் மாறிய வீட்டில் மாதம் முந்நூறு ரூபா தண்ணீருக்கென்று தனியாகக் கொடுத்தேன், இரு தரப்புக்கும் நிம்மதி. பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: வெட்கத்துக்காகத் தாகத்தை அடக்காதீர்கள். கழிப்பறைக்கு ஒரு வாளி தண்ணீர் வைப்பதை முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். நான் இரண்டாம் ஆண்டில் பேசினேன். பெற்றோர் ஒருவர் மறுநாளே ஒரு பீப்பாய் கொண்டுவந்து வைத்தார். அத்தனை நாளும் அது இல்லாததற்கு யாரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் காரணம்.

பணம். மூவாயிரம் பின்னர் ஐயாயிரமானது, அதுவும் மாதாமாதம் வராது. தீவைச் சேர்ந்த வெளிநாட்டு அன்பர்கள் சேர்த்து அனுப்பும் காசு அது. குளிர் நாட்டில் இரவு வேலை பார்த்து அனுப்புகிறவர்களிடம் ஏன் பிந்தியது என்று எப்படிக் கேட்பது? வாரா வாரம் வீட்டுக்குப் போய் வந்தால் பஸ், படகு, வழிச் சாப்பாட்டிலேயே பாதி போய்விடும். போகாவிட்டால் அம்மா தனியாக. முதல் ஆண்டு முடிவதற்குள் அம்மாவின் காப்புச் சோடியை அடைவு வைத்தேன். மருத்துவச் செலவோடு அது மூழ்கும் நிலைக்கு வந்தபோது, மீட்டு விற்று, மிஞ்சியதை வைத்து இரண்டாம் ஆண்டை ஓட்டினேன். இன்று அந்தக் காப்பின் பவுண் விலையை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்வேன். கணித ஆசிரியைக்குக் கணக்கு வராதா என்று தம்பி கேட்டான். கணக்கு வந்தது, நியமனம் அடுத்த தவணை வரும், அடுத்த தவணை வரும் என்று எல்லாரும் சொன்னதுதான் கணக்கில் அடங்கவில்லை. இதற்கு நான் கண்ட வழி ஒன்றே: போகும்போதே ஒரு முடிவுத் திகதியை வீட்டாரோடு சேர்ந்து தீர்மானித்துவிடுங்கள். அந்தத் திகதிக்குள் எழுத்தில் ஏதும் வராவிட்டால், தவணை முடிவில் திரும்பிவிடுவது என்று. நகை, காணி, கடன் மூன்றையும் தொடுவதில்லை என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தீவில் இருந்துகொண்டு தனியாக யோசித்தால் பிள்ளைகளின் முகம் முன்னே வந்து நிற்கும், ஒரு முடிவும் எடுக்க முடியாது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் ஏன் அங்கே இருந்தேன் என்பது விளங்காது. தரம் பத்தில் ஒரு பையன். கடைசி வாங்கு, கொப்பியில் தலைப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. சதவீதம் நடத்திக்கொண்டிருந்தேன். வியாபாரி ஒருவர் மின்விசிறியை இருபது வீத இலாபத்தில் விற்கும் கணக்கு. வகுப்பே கொட்டாவி விட்டது. பக்கத்தில் போய், "நேற்றுக் கடலுக்குப் போனாயா?" என்றேன். போனான், அண்ணனோடு, நண்டு வலைக்கு. இருபது கிலோ. "அப்படியே எடுத்தார்களா?" "இல்லை ரீச்சர், மூன்று கிலோ கால் உடைந்தது என்று கழித்துவிட்டார்கள்." "அப்படியென்றால்?" அவன் கூரையைப் பார்த்தான். "நூற்றுக்குப் பதினைந்து போய்விட்டது. ஆனால் ரீச்சர், உடைந்ததையும் அவர்கள்தான் பாதி விலைக்கு எடுப்பார்கள், அப்படிப் பார்த்தால் ஏழரைதான் நட்டம்." வெண்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். பனிக்கட்டிச் செலவு, படகுக் கூலி, எண்ணெய் எல்லாவற்றையும் பலகையில் எழுதி, ஒரு கிலோவுக்கு அண்ணனுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று வகுப்பே சண்டை பிடித்துக் கணக்குப் பார்த்தது. மின்விசிறி வியாபாரியை அன்றோடு விட்டுவிட்டோம். அவனுக்கு எழுதத்தான் வராது. வாயால் சொல்லச் சொல்லி நான் எழுதி, பிறகு அவனைப் பார்த்து எழுதச் செய்து, அப்படியே ஓராண்டு போனது. சாதாரண தரத்தில் கணிதத்தில் சித்தியடைந்தான். அதே பரீட்சையில், எப்போதும் முதல் வாங்கில் இருந்து எல்லாம் சரியாகச் செய்த ஒரு பிள்ளை தவறினாள். முதல் வாங்கையே பார்த்துப் படிப்பித்தால் வகுப்புக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்போம். அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

ஆட்கள் மீன் கொண்டுவந்து தருவார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்குங்கள், திருப்பி அனுப்பினால் மனம் நோகும். ஆனால் ஒரு வீட்டில் மட்டும் வாங்காதீர்கள். மாலை வகுப்புக்குக் காசு வாங்காதீர்கள், வாங்கினால் காலையில் நடத்தாமல் மாலைக்கு மிச்சம் வைக்கிறாள் என்ற பேச்சு ஒரே நாளில் தீவின் மறுமுனைக்குப் போய்விடும். இரவில் தனியாக ஒழுங்கையில் போவதைப் பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை, இருட்டில் படுத்திருந்த குதிரை ஒன்றில் தடக்கி விழுந்ததைத் தவிர.

தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை படகை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வெள்ளிக்கிழமை போக நினைத்துத் திங்கட்கிழமை வரை மாட்டிக்கொள்வது சாதாரணம். தங்கையின் பெண்பார்க்கும் நிகழ்வுக்கு நான் போகவில்லை, கடல் விடவில்லை. அரிசி, பருப்பு, பரசிட்டமோல், பற்றரி விளக்கு, கைபேசிக்கு மேலதிக மின்கலம் எப்போதும் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். தீவுக்கு அப்போது தனி மின்பிறப்பாக்கிதான், அதற்கு டீசலும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதி எதுவாக இருந்தாலும் பத்து நாள் முன்னதாக உங்களுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டதாரிப் பயிற்சி விண்ணப்பம் கடைசி நாள் காற்றில் எனக்குத் தவறியது.

இனி காகிதம். 2016 நடுப்பகுதியில் என்னை அழைத்த அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனார். பிரியாவிடையில் எல்லாரும் அழுதோம். அவர் போன பிறகு அலுவலக அறையைச் சுத்தம் செய்தார்கள், கறையான் பிடித்த பழைய கொப்பிகளை எல்லாம் வெளியில் போட்டு எரித்தார்கள். அதில் நாங்கள் கையொப்பமிட்ட கொப்பியும் போனது. ஆசிரியர் வரவுப் பதிவேடு நியமனம் பெற்றவர்களுக்கு உரியது. எங்களுக்குச் சாதாரண எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டுத் தந்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டு நான் தினமும் காலையில் வைத்த கையொப்பம் அந்தப் புகையில் போனதை நான் நின்று பார்த்திருக்கக்கூடும். அன்று அது எனக்கு வெறும் குப்பை.

2018 இல் தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகத் தேர்வு என்று செய்தி வந்தது. விடியற்காலைப் படகில் வந்து, குளித்து, சேலை மாற்றி, கோவையோடு போய் உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்கள் முரட்டுத்தனமாக ஒன்றும் பேசவில்லை. தொடர்ச்சியான சேவைக்கு அத்தாட்சி கேட்டார்கள். புதிய அதிபர் தந்த கடிதம் அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்துதான் உறுதிப்படுத்தியது, அது நியாயம். பழைய அதிபர் மனமுவந்து ஒரு கடிதம் எழுதித் தந்திருந்தார். இப்போது அந்தப் பாடசாலைக்குப் பொறுப்பில் இல்லாதவர் என்று அதை ஒதுக்கினார்கள். வகுப்புப் படங்களைக் காட்டினேன். மூத்த உத்தியோகத்தர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நீங்கள் படிப்பித்திருப்பீர்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. காட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா?" கோபித்திருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பரிவோடு கேட்டதால் ஒன்றும் சொல்ல வரவில்லை. முழுக் காலத்தையும் காட்டியிருந்தால் தகுதி, பாதிதான் என்றால் இல்லை. அந்தப் பட்டியலில் என் பெயர் வரவில்லை. வெளியில் வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன், பக்கத்தில் இன்னும் ஐந்தாறு பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

அதே நாள் அதே வரிசையில் வேறொரு தீவில் படிப்பித்த தோழி ஒருத்தி வந்திருந்தாள். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைவிடக் குறைந்த காலம் இருந்தவள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். முதல்நாளே மகளோடு போய், "இன்ன திகதி முதல் இன்ன பாடத்துக்குத் தொண்டர் ஆசிரியராகக் கடமையைப் பொறுப்பேற்றார்" என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதவைத்து, அந்தப் பக்கத்தின் நிழற்பிரதியில் அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு தவணையும் அவள் பெயர் போட்ட நேரசூசி, அவள் கையொப்பமிட்ட புள்ளிப் பட்டியல், பாடக்குறிப்புக் கொப்பியில் அதிபர் பார்வையிட்ட திகதி, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி எழுதிய இரண்டு வரி எல்லாம் அவளிடம் இருந்தன. நான் கேட்டால் யாரும் தரமாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்பதே ஏதோ பேராசை மாதிரி எனக்குப் பட்டது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை மூன்று ஆண்டும் ஒரு சோடிக் காப்பும்.

ஆகவே அவள் செய்ததை அப்படியே செய்யுங்கள். கூடுதலாகச் சில. வரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலாவது உங்கள் பெயரை எழுதி அங்கே கையொப்பமிடக் கேளுங்கள், தனிக் கொப்பி வேண்டாம். முடியாதென்றால் அந்தத் தனிக் கொப்பியின் ஒவ்வொரு மாதத்தையும் அதிபரின் முத்திரையோடு பிரதி எடுங்கள். அதிபருக்கு இடமாற்றம் என்று காதில் விழுந்த அன்றே, அவர் பதவியில் இருக்கும்போதே, அன்று வரையிலான சேவைக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். பிரியாவிடை மாலை எல்லாம் அதற்குப் பிறகு. ஊர்ச் சங்கம் தரும் காசைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், வங்கிப் புத்தகத்தில் விழும் மாதாந்த வரியும் ஒரு சாட்சி. பிரதிகளைத் தீவில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் காகிதம் ஆறு மாதத்தில் பழுப்பேறிவிடும், மிஞ்சினால் கறையான். ஒரு கட்டு வீட்டில், ஒரு கட்டு நம்பிக்கையான இன்னொருவர் வீட்டில். இப்போதென்றால் கைபேசியில் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடலாம், ஆனால் முத்திரை விழுந்த தாளுக்கு அது ஈடாகாது.

வெளியேறும்போது எப்படி வெளியேறுவது என்பதையும் சொல்கிறேன். நடுத் தவணையில் வராதீர்கள். நான் மூன்றாம் தவணை முடிந்து, சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை இருத்திவிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த அலகு விளங்கவில்லை, யார் வாயால் சொன்னால் செய்வான், யாருக்குக் கண்ணாடி தேவை என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்து வரப்போகிற, பெயர்கூடத் தெரியாத ஆசிரியருக்கு விட்டுவந்தேன். அதற்கும் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அவ்வளவு தெளிந்துவிட்டேன்.

இப்போது மானிப்பாயில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறேன். நண்டுக் கணக்கை இங்கேயும் சொல்வதுண்டு; இங்குள்ள பிள்ளைகளுக்குப் பனிக்கட்டிச் செலவு எதற்கு என்று முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று கேட்டால் போங்கள் என்றுதான் சொல்கிறேன், கோவை ஒன்றை வாங்கிக்கொண்டு. போவதானால் முதல் தவணையில் போங்கள். வாடை அடங்கி, சோளகம் எழும்புவதற்கு முன் சில மாதம் கடல் ஓரளவு பொறுமையாக இருக்கும், படகுக்கு உடம்பு பழகிவிடும், கிணறும் அப்போது இனிக்கும். தண்ணீர் பார்க்க மட்டும் ஆடியில் ஒருதடவை போய் வாருங்கள்.